கழக வீட்டு வாசலுக்குப் புதுக் கதவு: பழைய கதவிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

வாசல் கதவை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் எல்லாரும் முதலில் கைபேசியை எடுத்துக் கதவுப் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய், தேக்கு நிறமா, கறுப்பா, கோடு போட்டதா என்று தட்டித் தடவிப் பார்த்து முன்பணமும் கட்டிவிடுவார்கள். அளவெடுக்க ஆள் வந்த பிறகுதான், "இந்தக் கதவு உங்க வீட்டுக்கு ஒத்துவராதுங்க" என்ற பேச்சே வரும்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் என்ன கதவு போடலாம் என்பதில் பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது மாட்டியிருக்கும் கதவு, அதைத் தாங்கும் நிலை (கதவுச் சட்டம்), வெளியே இருக்கும் பொது நடைவழி, இந்த மூன்றும்தான் அதை எடுத்திருக்கின்றன. அதனால் கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் வேலை வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

பழைய கதவின் விளிம்பைப் பாருங்கள்

கதவை முழுதாகத் திறந்து, கீல் இருக்கும் பக்கத்து விளிம்பை மேலிருந்து கீழ் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். சோதனை நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் போட்ட சின்ன முத்திரை ஒன்று ஒட்டியிருந்தால், அது தீத்தடுப்புக் கதவு. பெயின்ட் அடிக்கும்போது பலர் அதன் மேலும் சேர்த்து அடித்துவிடுவார்கள்; விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். முத்திரையோடு, கதவின் மேல் பகுதியில் தானாக மூடும் கருவியும், விளிம்பிலோ நிலையிலோ கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு பட்டையும் இருக்கலாம். அந்தப் பட்டை சூடு பட்டால் உப்பி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை அடைத்துவிடும். புகை வெளியே போகாது.

பழையது தீத்தடுப்புக் கதவு என்றால் புதியதும் தீத்தடுப்புக் கதவாகத்தான் இருக்க வேண்டும். வீடுகளுக்கு வழக்கமாகக் கேட்பது அரை மணி நேரம் தாங்கும் ரகம். சிங்கப்பூரில் இதற்கான தரநிலை எஸ்எஸ் 332. வீட்டுக்குள் தீப்பிடித்தால் அந்த அரை மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நடைவழியிலும் படிக்கட்டிலும் இறங்கித் தப்பிப்பதற்கு. நம் வீட்டுக் கதவு என்று சொன்னாலும், அது பாதுகாப்பது அந்த மாடியில் இருக்கும் எல்லாரையும். "சும்மா சாதாரணக் கதவையே போட்டுக்கலாம், யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கதவில் இப்படி என்றால் மின்கம்பியில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

முத்திரை இல்லை என்பதால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்றும் ஆகிவிடாது. வாசல் படிக்கட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் விதி மாறும். வீவக இணையத்தளத்தில் வீட்டுப் புதுப்பிப்பு விதிகளில் கதவுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதைப் படித்துவிட்டு, உங்கள் வட்டார வீவக கிளையிலும் ஒரு முறை கேட்டு, அனுமதி தேவையா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக் கொள்ளுங்கள். கொண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டும். அங்கே தீ விதியோடு, வெளிப்பக்கம் எல்லா வீட்டுக் கதவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் சேர்ந்துகொள்ளும். தரைவீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மழையும் கரையானும்தான் அவர்களுக்குக் கவலை.

காசு போடுவதற்கு முன் ஒரு கேள்வி

உங்கள் புளோக் பழையதா? அப்படியானால் பழைய வீவக வீடுகளை அரசாங்கச் செலவில் பெரும்பகுதி சீர்ப்படுத்தித் தரும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். 2007-இல் அறிவித்த இந்தத் திட்டம் முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்தது. 2018-இல் 1987 முதல் 1997 வரை கட்டியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. புளோக்கில் தகுதியுள்ள சிங்கப்பூர்க் குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடாவது ஆதரவாக வாக்களித்தால்தான் வேலை தொடங்கும்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், விருப்பம்போல் எடுத்துக்கொள்ளும் வேலைகளின் பட்டியலில் புது வாசல் கதவும் கிரில் கேட்டும் இருக்கின்றன. குடிமக்கள் செலுத்த வேண்டிய பங்கு வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரைதான். மூவறை வீட்டுக்கு 5, நாலறைக்கு 7.5, ஐந்தறைக்கு 10. வடிவத்தில் தேர்வு குறைவாகத்தான் இருக்கும், உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு இப்படிக் கிடைக்கப்போகும் கதவுக்கு இந்த ஆண்டே முழுக் காசும் போடுவதில் அர்த்தம் இல்லை. வடிவம்தான் முக்கியம் என்றால் அந்தப் பட்டியலில் கதவை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொன்று. பழைய வீடுகளில் வாசலில் ஒரு படி உயரம் இருக்கும். சக்கர நாற்காலி, நடைத்தாங்கி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய தடை. முதியோருக்கான ஈஸ் திட்டத்தில் சரிவுப் பாதை, கைப்பிடி போன்றவற்றுக்குக் கணிசமான மானியம் உண்டு. கதவு மாற்றும்போதே சரிவையும் சேர்த்துத் திட்டமிட்டால், கதவின் அடி விளிம்பு அதில் இடிக்காத உயரத்தில் அமையும். கதவை மாட்டிவிட்டுச் சரிவைப் போட்டால் அடியில் செதுக்கச் சொல்வார்கள். தீத்தடுப்புக் கதவை அப்படி இஷ்டத்துக்குச் செதுக்கக் கூடாது.

அளவு எடுப்பது

கடைக்காரர் வந்து அளப்பார்தான். இருந்தாலும் நீங்களும் ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு வேறு மாதிரி போகும்.

வீவக வாசல் கதவுகளில் அதிகம் காண்பது 3 அடிக்கு 7 அடி. சில வீடுகளில் 4 அடிக்கு 7 அடி இருக்கும். அதில் பெரிய கதவு ஒன்றும், சாமான் ஏற்றும்போது மட்டும் திறக்கும் சின்னக் கதவு ஒன்றும் சேர்ந்திருக்கும். இதெல்லாம் பெயரளவுக்குச் சொல்லும் அளவு. உண்மை அளவு மில்லிமீட்டரில் மாறும். நிலையின் உள்பக்க அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு பக்கமும் அளங்கள். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. அந்த இரண்டும் சமமாக இல்லை என்றால் நிலை கோணலாக இருக்கிறது. பழைய புளோக்குகளில் இது சாதாரணம். ஆனால் கதவு செய்வதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம்.

பெரும்பாலான கழக வீடுகளில் நிலை மரம் அல்ல, சுவரோடு சேர்த்துப் பதித்த இரும்பு. துருப் பிடித்து அடிப்பகுதி தின்றுபோகாமல் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு கதவை மட்டும் மாற்றுங்கள். நிலையைப் பெயர்த்தால் சுவர் உடையும், ஓடு உடையும், வேலை நாளும் செலவும் ஏறும். காலால் அடிமூலையைத் தட்டிப் பாருங்கள். மழைச் சாரல் விழும் நடைவழியில் முதலில் கெடுவது அந்த இரண்டு அங்குலம்தான். லேசான துரு என்றால் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, எனாமல் பெயின்ட் போட்டாலே போதும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். வீட்டுக்குள் நின்று, கீல் இடது பக்கமா வலது பக்கமா என்று. ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் குழப்பமே இல்லை.

எந்தக் கதவு

இப்போது கடைக்குப் போகலாம்.

கடையில் காட்டுவது பெரும்பாலும் இரண்டு வகை. மரத்தின் மெல்லிய தகடு ஒட்டிய வெனீர் கதவு; அச்சிட்ட தகடு ஒட்டிய லேமினேட் கதவு. உள்ளே இருக்கும் பொருள் தீத்தடுப்புக்கு ஏற்றதா என்பது தனி விஷயம். இரண்டிலும் தீத்தடுப்பு ரகம் கிடைக்கும். வெனீரில் நியாத்தோ மரம் இங்கே நெடுநாளாகப் புழங்குவது. பார்க்க நிஜ மரம் போலவே இருக்கும், நிஜ மரம்தான். ஆனால் மேலே பூசிய அரக்கு சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், குறிப்பாக மாலை வெயில் நேராக அடிக்கும் வாசலில். திரும்பப் பூச வேண்டும். லேமினேட்டுக்கு அந்த வேலை இல்லை, துடைத்தால் போதும். அதன் பலவீனம் ஓரம். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் டிசம்பர் மழையிலேயே உரிந்து நிற்கும். கடையில் கதவின் முகத்தைப் பார்ப்பதைவிட அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். அங்கே மூடாமல் விட்டிருந்தால் வேறு கடை பார்க்கலாம்.

நிறம் உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் வாசலுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும் வீடு என்றால் வெளிர் நிறக் கதவு வேண்டாம். மஞ்சள் ஏறிய வெளிர் வெனீர் பழைய நிறத்துக்குத் திரும்பவே திரும்பாது. வெளிர்தான் பிடிக்கும் என்றால் மஞ்சளைக் கதவில் தொடாமல் இரும்பு நிலையில் வையுங்கள். எனாமல் பெயின்ட் மேல் விழுந்தது சோப்புத் தண்ணீருக்குப் போய்விடும்.

கதவில் துளை போட வேண்டியது எல்லாவற்றையும், அதாவது பூட்டு, கைப்பிடி, வெளியே பார்க்கும் கண்ணாடித் துளை, முன்கூட்டியே சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். தீத்தடுப்புக் கதவில் பிறகு நாமே டிரில் போட்டால் அது சோதனையில் தேறிய கதவு ஆகாது.

வாசலுக்குப் பக்கத்திலேயே வீட்டு உறைவிடம், அதாவது ஆபத்து நேரத்தில் பதுங்குவதற்கான கெட்டியான அறை, இருக்கிறதா? 1997-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் அந்த அறைக்குக் கனமான இரும்புக் கதவு உண்டு. புதுக் கதவுக்குப் பொருத்தமாக அதையும் மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதைக் கழற்றவோ மாற்றவோ கூடாது.

கேட்டும் பூட்டும்

இந்த இரண்டையும் தனித்தனியாக வாங்குவதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே கிரில் கேட், உள்ளே கதவு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு கை அகலம்கூட இருக்காது. டிஜிட்டல் பூட்டின் கைப்பிடி, குறிப்பாகத் தள்ளி இழுக்கும் வகை, நன்றாகவே வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கேட்டுக்கும் ஒரு டிஜிட்டல் பூட்டு போட்டால் அதன் பின்பக்கமும் உள்ளே துருத்தும். இரண்டும் இடித்தால் ஒன்று மூடாது. கதவின் முகத்திலிருந்து கேட்டின் உள்பக்கம் வரை அளந்து, அந்த எண்ணோடு பூட்டுக் கடைக்குப் போங்கள்.

பூட்டு விற்பவரிடம் உங்கள் கதவு தீத்தடுப்பு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு ஏற்றது என்று சான்று உள்ள பூட்டு வேண்டும். உள்ளிருந்து சாவி இல்லாமல், எண் அழுத்தாமல், கைப்பிடியை ஒரு முறை திருப்பினால் திறக்க வேண்டும். இரவில் புகைக்குள் யாரும் சாவி தேட முடியாது. மின்கலம் தீர்ந்தால் வெளியே இருந்து 9 வோல்ட் மின்கலம் வைத்தோ யுஎஸ்பி வழியாகவோ உயிர் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே வரும் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே போவதில் பயன் இல்லை. அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ ஒன்று இருக்கட்டும்.

கேட்டில் எளிய இரும்பு மலிவு, துருப் பிடிக்கும். அலுமினியம் லேசானது, துரு இல்லை. லேசர் வெட்டு வேலைப்பாடு கொண்ட கேட் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் ஓட்டைகள் சின்னதாக இருந்தால் கதவைத் திறந்து வைத்தாலும் காற்று வராது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்டின் வேலையே அதுதானே. கேட் எந்தப் பக்கம் திறக்கிறது, நடைவழியை மறிக்கிறதா என்பதையும் அனுமதி கேட்கும்போதே சேர்த்துக் கேளுங்கள்.

வாசலில் கேமரா வைத்த மணி பொருத்துபவர்கள், அது எதிர் வீட்டுக் கதவையோ சன்னலையோ பார்க்காத கோணத்தில் வையுங்கள். விதியும் அதுதான், அக்கம்பக்கத்து உறவும் அதுதான்.

விலைப்புள்ளி

வீவக வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்குக் கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளரைத்தான் அமர்த்த வேண்டும். அவர் பெயரை வீவக இணையத்தளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஆனால் ஒரே மாதிரிக் கேளுங்கள். கதவு, கீல், தானாக மூடும் கருவி, பூட்டுக்கு வெட்டும் கூலி, பழையதைக் கழற்றி அப்புறப்படுத்துவது, நிலைக்குப் பெயின்ட், எல்லாம் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்றும். மலிவாகத் தெரியும் விலையில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது மூடும் கருவியும் பழைய கதவை எடுத்துப்போவதும். தீத்தடுப்புக் கதவு என்றால் முத்திரை ஒட்டிய கதவு வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் எல்லாக் குத்தகையாளர்களுக்கும் தலைக்கு மேல் வேலை. தீபாவளிக்குப் புதுக் கதவு வேண்டும் என்றால் ஆவணியிலேயே சொல்லிவைப்பது நல்லது.

மாட்டும் நாள்

துளையிடுவது, வெட்டுவது போன்ற சத்தமான வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். மற்ற வேலை திங்கள் முதல் சனி வரை 9 முதல் 6 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ இரவு வேலை பார்ப்பவரோ இருந்தால் முந்தைய நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நேரம் பார்ப்பவர்களுக்கு: ஊரில் அச்சடித்த நாள்காட்டியில் திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9 என்று இருக்கும். இங்கே சூரியன் உதிப்பதே ஏறக்குறைய 7 மணிக்கு என்பதால் அது 8.30 முதல் 10 வரை ஆகிறது. உள்ளூர்க் கோயில் நாள்காட்டியைப் பாருங்கள். "நிலையை மாற்றாதப்போ நிலைப் பூஜை வேணுமா?" என்று கேட்டால், பல வீட்டுப் பெரியவர்கள் கதவு ஏறியதும் சூடம் காட்டி, எலுமிச்சை வைத்தால் போதும் என்பார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது.

காலையில் ஆட்கள் வந்ததும் புதுக் கதவின் முத்திரையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையது இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. தீத்தடுப்புக் கதவு நல்ல கனம். இரண்டு பேராவது வேண்டும். கீல் மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். மாட்டியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைச் சுற்றிலும் பாருங்கள். மேலே ஒரு நாணயம் நுழைந்து, கீழே இரண்டு நுழைந்தால் கதவு சாய்ந்திருக்கிறது. உப்பும் பட்டையின் மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்.

அப்புறம் மூடும் கருவி. அதில் சின்னச் சின்ன திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, இன்னொன்று கடைசி நொடியில் பூட்டுக்குள் விழும் வேகத்துக்கு. இரண்டாவதைத்தான் ஆட்கள் சரியாக வைக்காமல் போய்விடுவார்கள். கதவு மூடியதுபோல் தெரியும், பூட்டில் விழுந்திருக்காது. கதவை ஒரு சாண் மட்டும் திறந்து கையை எடுத்துவிடுங்கள். தானாகப் போய் 'டக்'கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பச் சொல்லி, அவர்கள் கிளம்புவதற்கு முன்பே சரிபாருங்கள். கதவு பலமாக அறைகிறது என்பதற்காக அந்தக் கருவியையே கழற்றிவிடும் வீடுகள் உண்டு. வேகத்தைக் குறைத்தால் போதும், கழற்றத் தேவையில்லை.

பழைய கதவை மின்தூக்கி முற்றத்திலோ படிக்கட்டு ஓரத்திலோ "நாளைக்கு எடுக்கிறோம்" என்று சாய்த்துவிட்டுப் போக விடாதீர்கள். அன்றே போக வேண்டும்.

வாசலை அலங்கரிப்பது

தோரணம் இல்லாத வாசல் நமக்கு வாசலாகவே தெரியாது. லிட்டில் இந்தியாவில், தேக்காவில் மாவிலையும் வாங்கலாம், மணி வைத்த துணித் தோரணமும் வாங்கலாம். கதவில் ஆணி வேண்டாம். நிலை இரும்பு என்பதால் காந்தக் கொக்கி அதில் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூலையில் இரண்டு கொக்கி, நடுவில் ஒன்று. வாடிய இலையை மாற்றுவதும் எளிது, பெயின்டும் உரியாது.

கோலம் நடைவழியில் போடுவதானால் அது பொது இடம் என்பது நினைவில் இருக்கட்டும். வழுவழுப்பான ஸ்டிக்கர் மழை ஈரத்தில் வழுக்கும். அரிசி மாவோ கழுவிவிடக்கூடிய பொடியோ போதும். கார்த்திகைக்கு அகல் வைப்பவர்கள் புது லேமினேட் கதவை ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள், விளக்கு எரியும்போது ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

காலணி அடுக்கு வைத்தால் நடைவழியில் 1.2 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் கணக்கு அது. நகர மன்ற ஆட்களும் அதைத்தான் அளப்பார்கள். புதுக் கதவு போட்ட உற்சாகத்தில் பெரிய அலமாரி வாங்குவதற்கு முன் சுவரிலிருந்து சுவருக்கு அளந்து பாருங்கள்.

முதல் மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் உப்பிக் கதவு இறுகலாம். உடனே செதுக்கச் சொல்லாமல், முதலில் கீல் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். கனமான கதவு சில மாதத்தில் கொஞ்சம் இறங்குவது வழக்கம், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கதவு செய்தவரையே கூப்பிடுங்கள். அவர் கொடுத்த ரசீதும், முத்திரையின் படமும், அனுமதிக் கடிதமும் ஒரே உறையில் இருக்கட்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்கக்கூடும்.